கூரையில் தொடங்கட்டும் குளிர்ச்சி!

சென்னைக் கடற்கரைச் சாலையில் இன்று விவேகானந்தர் இல்லம் என்று அழைக்கப்படும் கட்டடத்துக்கு 'ஐஸ் ஹவுஸ்' என்ற பழைய பெயர் உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பகுதியில் குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளிலிருந்து வெட்டியெடுக்கப்பட்டுக் கப்பலில் வந்து சேர்ந்த பனிக்கட்டிகளைச் சேமித்து வைப்பதற்காக, ஃபிரெடரிக் டூடர் என்ற வணிகர் 1842-ஆம் ஆண்டில் எழுப்பிய கிடங்கு அது. அந்த வணிகம் என்றோ மறைந்துவிட்டது. ஆனால், பனிக்கட்டியின் அளவுகோல் இன்றும் நம் வீடுகளில் வாழ்கிறது.

ஏசி வாங்கச் செல்லும்போது 'ஒரு டன்னா, ஒன்றரை டன்னா?' என்று கடைக்காரர் கேட்கிறார். அந்த 'டன்' இயந்திரத்தின் எடையைக் குறிப்பதில்லை. ஒரு டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ, அதே வேகத்தில் அறையிலிருந்து வெப்பத்தை வெளியேற்றும் திறன் என்பதே அதன் பொருள். இன்றைய கணக்கில் அது சுமார் 3.5 கிலோவாட்.

வெளியேற்றும் திறன் என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். ஏசி குளிர்ச்சியை உற்பத்தி செய்வதில்லை. வெப்பத்தை இடம் மாற்றுகிறது. ஒன்றரை டன் ஏசி முழு வேகத்தில் இயங்கும்போது, அறையிலிருந்து எடுத்த சுமார் 5 கிலோவாட் வெப்பத்தோடு, தான் செலவிட்ட மின்சாரத்தின் வெப்பத்தையும் சேர்த்து வெளியே கொட்டுகிறது. அந்த வெப்பக்காற்று தெருவில் நடப்பவர் மீதும், எதிர்வீட்டு ஜன்னலிலும் படுகிறது. ஒருவர் செய்யும் செயலின் சுமை, அதில் எந்தப் பங்கும் இல்லாத மற்றொருவர் மீது விழுவதைப் பொருளியலில் 'புறவிளைவு' என்போம். ஆங்கிலேயப் பொருளியலறிஞர் ஆர்தர் பிகு 1920-இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாக ஆராய்ந்தார். ஆலைப் புகையை எடுத்துக்காட்டாகச் சொல்லியே வகுப்பறைகளில் இதைக் கற்பித்து வந்தோம். இன்றைய மாணவருக்கு ஆலை வரை செல்ல வேண்டியதில்லை. எதிர்வீட்டுச் சுவரில் தொங்கும் ஏசியின் வெளிப்பெட்டியே போதும்.

குளிர்நாடுகளில் வீட்டைச் சூடாக்குவதற்கு ஆகும் எரிபொருள் பெரும் சிக்கல். நமக்கோ வீட்டைக் குளிர்விப்பதுதான் சிக்கல். உலகெங்கும் இயங்கிவந்த சுமார் 160 கோடி ஏசிகள், 2050-க்குள் 560 கோடியாகப் பெருகக்கூடும் என்று சர்வதேச எரிசக்தி முகமை 2018-இல் மதிப்பிட்டது. அந்தப் பெருக்கத்தில் இந்தியாவின் பங்கு மிகப் பெரிதாக இருக்கும். மத்திய அரசு 2019-இல் வெளியிட்ட இந்தியக் குளிர்விப்புச் செயல்திட்டம், அப்போது நம் நாட்டு வீடுகளில் சுமார் 8 விழுக்காட்டில் மட்டுமே ஏசி இருந்ததாகக் குறிப்பிட்டது. பெரும்பாலான வீடுகள் இனிமேல்தான் ஏசி வாங்கப் போகின்றன.

இதைக் குற்றமாகக் கருத எனக்கு மனமில்லை. வெப்பம் உயிர்களைப் பறிக்கிறது. குறிப்பாக முதியோரையும், குழந்தைகளையும், வெயிலில் உழைப்போரையும். வெப்ப அலையை மாநிலத்துக்கே உரிய பேரிடராக 2024-இல் தமிழக அரசு அறிவித்ததும் அதனால்தான். குளிர்ச்சியை ஆடம்பரம் என்று சொல்லும் காலம் கடந்துவிட்டது. எனவே, கேட்க வேண்டிய கேள்வி, ஏசி வேண்டுமா வேண்டாமா என்பதல்ல. வெளியேற்ற வேண்டிய வெப்பம் வீட்டுக்குள் ஏன் நுழைந்தது என்பதே.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். 1,000 சதுர அடி மொட்டை மாடி என்பது சுமார் 93 சதுர மீட்டர். கோடையின் உச்சிவெயிலில் ஒரு சதுர மீட்டரில் விழும் சூரிய ஆற்றல் ஏறத்தாழ 1,000 வாட். ஆக, அந்த மாடியின் மீது 90 கிலோவாட்டுக்கும் அதிகமான வெப்பம் விழுகிறது. அது முழுவதும் கீழே இறங்குவதில்லை என்பது உண்மை. ஆனால், வெயிலிலும் மழையிலும் கறுத்துப்போன கான்கிரீட் தளம் அதில் பெரும்பகுதியை உறிஞ்சிக் கொள்கிறது. அதில் ஒரு பகுதியைச் சில மணி நேரம் கழித்து அறைக்குள் இறக்குகிறது. மேல்தளத்தில் குடியிருப்போருக்கு, சூரியன் மறைந்த பின்னரும் கூரை அனலாகக் கொதிப்பதன் காரணம் இதுதான். பகல் முழுவதும் கான்கிரீட் சேமித்த வெப்பத்தை, இரவு முழுவதும் மின்சாரம் செலவழித்து வெளியேற்றிக் கொண்டிருக்கிறோம்.

நம் முன்னோர் கட்டிய வீடுகள் இதை அறிந்திருந்தன. தேக்குச் சட்டங்களின் மேல் செங்கற்களைக் குத்துவாக்கில் அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து, தட்டோடு பதித்த 'மெட்ராஸ் டெரஸ்' என்னும் கூரை, வெப்பம் எளிதில் இறங்காத தடிமனான அமைப்பு. கான்கிரீட் வந்த பின்னரும், அதன் மேல் செங்கல் ஜல்லி சுண்ணாம்புத் தளம் இட்டுத் தட்டோடு பதிக்கும் வழக்கம் நெடுங்காலம் நீடித்தது. இன்று செலவைக் குறைக்க முதலில் கைவைக்கப்படும் இடங்களில் அதுவும் ஒன்று. ஜன்னலுக்கு மேலே நீண்டிருந்த சன்ஷேடு சுருங்கிவிட்டது. மேற்குச் சுவரில் பெரிய கண்ணாடி ஜன்னல்கள் வந்துவிட்டன.

பழைய வீட்டை நினைத்து ஏங்குவதால் பயனில்லை. தேக்குச் சட்டக் கூரையை இன்று எல்லாருக்கும் அமைத்துத் தர இயலாது. ஆனால், அதன் கொள்கையை இன்றைய வீட்டுக்கும் பொருத்த முடியும். அதற்கு ஒரு வரிசை முறை உண்டு: முதலில் வெயிலைத் தடுப்பது, அடுத்து காற்றை ஓட்டுவது, அதன் பிறகே இயந்திரம். இந்த வரிசையைத் தலைகீழாக்கி, இயந்திரத்தில் தொடங்குவதால்தான் செலவும் மாசும் பெருகுகின்றன.

முதல் படி, கூரை. மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்போ, வெயிலைத் திருப்பியனுப்பும் வெண்ணிறப் பூச்சோ அடிப்பது; அல்லது 'கூலிங் டைல்ஸ்' எனப்படும் வெள்ளை ஓடுகளைப் பதிப்பது. புதிதாக வெள்ளையடித்த பரப்பு, தன்மீது விழும் சூரிய ஆற்றலில் பாதிக்கும் மேற்பட்டதைத் திருப்பி அனுப்பிவிடும். மேல்தள அறையின் வெப்பம் இதனால் சில டிகிரி குறையும். இதற்கும் குறைபாடுகள் உண்டு. தூசு படிந்தால் பலன் குறையும். சுண்ணாம்பு மழையில் கரையும். ஆண்டுதோறும் கோடைக்கு முன் மீண்டும் அடிக்க வேண்டும். ஆயினும் ஏசியின் விலையோடு ஒப்பிட்டால் இது சிறு தொகை. மாடியில் சூரிய மின்தகடு அமைத்திருப்போருக்கு, அந்தத் தகடுகளின் நிழலே கூரைக்கு இரண்டாவது குடையாகிறது.

இடைத்தளங்களில் இருப்போருக்குக் கூரை ஒரு பொருட்டல்ல. மேற்குச் சுவரும் ஜன்னலுமே சிக்கல். இங்கே ஒரு விதியை நினைவில் கொள்ளலாம்: நிழல் ஜன்னலுக்கு வெளியே இருக்க வேண்டும். உள்ளே தொங்கும் கனமான திரை வெளிச்சத்தை மறைக்கும். ஆனால், வெயில் அதற்குள் கண்ணாடியைக் கடந்து அறைக்குள் வந்துவிட்டது. வெளியே கட்டிய மூங்கில் தட்டியோ பச்சை வலையோ வெயிலை வாசலிலேயே நிறுத்திவிடும்.

இரண்டாம் படி, காற்று. மின்விசிறி அறையின் வெப்பநிலையைக் குறைப்பதில்லை. நம் தோலின் மீதுள்ள வியர்வையை ஆவியாக்கி, இரண்டு மூன்று டிகிரி குறைந்தது போன்ற உணர்வைத் தருகிறது. சென்னை, நாகை, தூத்துக்குடி போன்ற ஈரப்பதம் மிகுந்த கடலோர ஊர்களில் இந்தக் காற்றோட்டத்தின் மதிப்பு மிக அதிகம். வட இந்தியாவின் வறண்ட கோடையில் நன்கு பயன்தரும் ஏர் கூலர், கடலோரத்தில் ஈரத்தைக் கூட்டி, புழுக்கத்தையே தரும். வேலூர் போன்ற உள்மாவட்டங்களில் அதற்குப் பயன் உண்டு.

வழக்கமான மின்விசிறி சுமார் 75 வாட் மின்சாரம் எடுக்கும். பி.எல்.டி.சி. மோட்டார் கொண்ட புதிய வகை விசிறிக்குச் சுமார் 30 வாட் போதும். நாளொன்றுக்கு 15 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள்கள் ஓடும் ஒரு விசிறியில் மட்டும் 200 யூனிட் மிச்சமாகும். விலையில் உள்ள கூடுதல் தொகை ஓரிரு ஆண்டுகளில் திரும்பக் கிடைத்துவிடும். வீட்டிலுள்ள நான்கு விசிறிகளையும் மாற்றினால், அந்த மிச்சம் ஓர் ஏசி சில மாதங்கள் ஓடுவதற்குச் சமம்.

மூன்றாம் படியில்தான் இயந்திரம் வருகிறது. ஏசியின் அளவை ஒரு டிகிரி உயர்த்தினால் சுமார் 6 விழுக்காடு மின்சாரம் மிச்சமாகும் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பின் மதிப்பீடு. நட்சத்திரக் குறியீடு பெற்ற ஏசிகள், இயக்கியதும் 24 டிகிரியில் தொடங்கும்படி அமைந்திருக்க வேண்டும் என்ற விதி 2020 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. 20 டிகிரியில் வைத்துக் கம்பளி போர்த்திக் கொள்வதைவிட, 26 டிகிரியில் வைத்து மின்விசிறியை மெதுவாக ஓடவிடுவது உடலுக்கும் பணப்பைக்கும் இதமானது.

ஏசி விஷயத்தில் மின்சாரத்தைப் பற்றிப் பேசுவோர் அதிலுள்ள வாயுவை மறந்துவிடுகிறார்கள். ஏசிக்குள் சுழலும் குளிர்பதன வாயு, காற்றில் கலந்தால் கரியமில வாயுவைவிடப் பன்மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். பழைய ஏசிகளில் உள்ள ஆர்-410ஏ வாயு ஒரு கிலோ கசிந்தால், அது 2,000 கிலோவுக்கும் அதிகமான கரியமில வாயுவுக்குச் சமம். இப்போது பரவலாக உள்ள ஆர்-32 ஒரு கிலோ கசிந்தால் 675 கிலோவுக்குச் சமம்.

இதை மின்சாரத்தோடு ஒப்பிடுவோம். ஓர் ஏசி மணிக்கு ஒரு யூனிட் வீதம், இரவுக்கு 8 மணி நேரம், ஆண்டுக்கு 150 இரவுகள் ஓடுவதாகக் கொண்டால் 1,200 யூனிட் ஆகும். நம் நாட்டில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சராசரியாகச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. அதாவது 840 கிலோ. ஒருமுறை முழுமையாக வாயு கசிவதும், ஏறத்தாழ ஓராண்டு ஏசியை ஓட்டுவதும் சூழலுக்கு இழைக்கும் தீங்கில் ஒன்றுக்கொன்று நெருங்கியவை.

'ஆண்டுக்கொருமுறை கேஸ் நிரப்ப வேண்டும்' என்ற நம்பிக்கை மக்களிடையே வேரூன்றியிருக்கிறது. இது தவறு. அந்த வாயு மூடிய குழாய்க்குள் சுற்றிச்சுற்றி வருவது. பெட்ரோலைப் போலத் தீர்ந்துபோவதில்லை. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிவு இருக்கிறது என்று பொருள். கசிவை அடைக்காமல் வாயுவை நிரப்புவது, ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவதே ஆகும். பழுதுபார்க்க வருபவரிடம் 'கசிவு எங்கே? அதை முதலில் அடையுங்கள்' என்று கேட்பதும், வீடு மாறும்போது வாயுவைக் காற்றில் திறந்துவிடாமல் வெளிப்பெட்டிக்குள் இழுத்து அடைக்கச் சொல்வதும் நம் கடமை. இத்தகைய வாயுக்களைப் படிப்படியாகக் குறைக்க 2016-இல் ருவாண்டா தலைநகர் கிகாலியில் உலக நாடுகள் உடன்பட்டன. 2021-இல் இந்தியா அதை ஏற்றது. எனினும், நம் நாட்டின் குறைப்புக் காலக்கெடு 2032-இல்தான் தொடங்குகிறது. அதுவரை இந்தப் பொறுப்பு பெரும்பாலும் பழுதுபார்ப்பவரின் கையிலும், அவரை அழைப்பவரின் கேள்வியிலும்தான் இருக்கிறது.

இவ்வளவு எளிய வழிகள் இருந்தும் அவை ஏன் பரவவில்லை? இங்கேதான் பொருளியல் மாணவனாகிய எனக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. கூரையைத் தீர்மானிப்பவர் ஒருவர். அதன் வெப்பத்தைச் சுமப்பவர் வேறொருவர். கட்டுமான நிறுவனம் ஒரு சதுர அடிக்கான செலவைக் குறைக்கப் பார்க்கும்; அடுத்த 40 ஆண்டுகளுக்கான மின்கட்டணம் அதன் கணக்கில் இல்லை. வீட்டு உரிமையாளர் வாடகையைப் பெறுகிறார். மின்கட்டணத்தை வாடகைதாரர் செலுத்துகிறார். உரிமையாளருக்கு வெள்ளையடிக்கக் காரணமில்லை. 11 மாத ஒப்பந்தத்தில் இருக்கும் வாடகைதாரருக்கோ அடுத்தவர் கூரைக்குச் செலவிடத் துணிவில்லை. அவர் செய்யக்கூடியது ஒன்றுதான்: போகும்போது கழற்றி எடுத்துச் செல்லக்கூடிய ஏசியை வாங்குவது. அவரவர் நிலையில் அவரவர் முடிவு சரியானதே. ஆனால், எல்லாருடைய சரியான முடிவுகளும் சேர்ந்து ஒரு தவறான நகரத்தை உருவாக்குகின்றன.

சொந்த வீடென்றாலும் சிக்கல் தீர்வதில்லை. நான் வசிக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் 12 வீடுகள். மொட்டை மாடி அனைவருக்கும் பொது. அதன் வெப்பமோ மேல்தளத்தில் உள்ள மூவருக்கு மட்டும். கூலிங் டைல்ஸ் பதிக்கும் யோசனை சங்கக் கூட்டத்தில் வந்தபோது, 'எங்களுக்கு என்ன பயன்?' என்று கீழ்த்தளத்தார் கேட்டது நியாயமான கேள்விதான். இரண்டு ஆண்டுகள் பேச்சு நீடித்தது. மழைநீர்க் கசிவைத் தடுப்பதற்கு எப்படியும் தளத்தைச் செப்பனிட வேண்டியிருந்ததால், அந்தச் செலவைப் பன்னிருவரும், ஓடுகளுக்கான கூடுதல் செலவை மேல்தளத்து மூவரும் ஏற்பது என்று முடிவானது. எந்த ஏட்டிலும் இல்லாத இந்தத் தீர்வைப் பிற சங்கங்களும் பரிசீலிக்கலாம். கூரையைச் செப்பனிடும் நேரமே அதைக் குளிர்விப்பதற்கும் உரிய நேரம்.

திறன்மிக்க ஏசி வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புவோர் உண்டு. 1865-இல் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் என்ற பொருளியலறிஞர், இங்கிலாந்தின் நிலக்கரியைப் பற்றி எழுதிய நூலில் ஒரு முரணைச் சுட்டிக்காட்டினார். குறைந்த நிலக்கரியில் இயங்கும் நீராவி இயந்திரங்கள் வந்த பின் நிலக்கரிப் பயன்பாடு குறையவில்லை, கூடியது. பயன்பாட்டுச் செலவு குறைந்ததால் பயன்பாடு பெருகியது. ஐந்து நட்சத்திர ஏசி வாங்கிய வீட்டில், 'கரண்ட் குறைவுதானே' என்று இரண்டாவது அறைக்கும் ஏசி வருவதை நாம் காண்கிறோம். வெள்ளையடித்த கூரைக்கு இந்தச் சிக்கல் பெரிதாக இல்லை. அதை அதிக நேரம் ஓடவிட முடியாது.

தமிழகத்தின் உச்ச மின்தேவை 2024 கோடையில் 20,000 மெகாவாட்டைக் கடந்தது. பகலில் சூரிய மின்சாரம் கைகொடுக்கிறது. படுக்கையறை ஏசிகள் இயங்கத் தொடங்கும் இரவு நேரத்தில் சூரியன் இல்லை. கோடையின் தொடக்கத்தில் காற்றாலைகளும் முழு வீச்சில் இயங்குவதில்லை. நிலக்கரியே துணை. ஆகவே, இரவில் தேவைப்படும் குளிர்ச்சியைக் குறைப்பது, மின்வாரியத்துக்கும் சூழலுக்கும் ஒருசேர நன்மை.

அரசு செய்ய வேண்டியவை தெளிவாகவே இருக்கின்றன. குடியிருப்புகளின் கூரையும் சுவரும் எவ்வளவு வெப்பத்தைக் கடத்தலாம் என்று வரையறுக்கும் 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' என்ற விதித்தொகுப்பை மத்திய அரசு 2018-லேயே வெளியிட்டது. கட்டட அனுமதியின்போது அது உண்மையாகச் சரிபார்க்கப்பட வேண்டும். தெலங்கானா அரசு 2023-இல் குளிர்கூரைக் கொள்கையை அறிவித்து, கட்டடங்களின் வகைக்கேற்ப அதை நடைமுறைப்படுத்த முன்வந்தது. அகமதாபாத் மாநகராட்சி 2013-இலேயே வெப்பச் செயல்திட்டம் வகுத்து, பின்னர் எளிய மக்களின் குடியிருப்புக் கூரைகளுக்கு வெள்ளைப் பூச்சு அடித்தது. நம் மாநிலத்திலும் இத்தகைய பணி ஒவ்வொரு கோடைக்கும் முன்பு, குறுகிய கூரையின் கீழ் வாழும் மக்களிடமிருந்து தொடங்க வேண்டும்.

குறிப்பாக, அரசின் வீட்டுவசதித் திட்டங்களில் ஆண்டுதோறும் கட்டப்படும் கான்கிரீட் வீடுகளைப் பற்றி நாம் சிந்திக்க வேண்டும். ஓலைக்குடிசை தீக்கும் மழைக்கும் அஞ்சியது. கான்கிரீட் வீடு அந்த அச்சத்தைப் போக்கியது. அது பெரும் சமூக முன்னேற்றம். ஆனால், குடிசையில் இல்லாத இரவு வெப்பத்தையும் அது கொண்டுவந்தது. அந்த வீட்டுக்காரர் ஏசி வாங்கப் போவதில்லை. வாங்கினாலும் ஓட்ட இயலாது. பகலெல்லாம் வயலிலோ கட்டுமானத்திலோ வெயிலில் உழைத்தவருக்கு, உடல் தணிந்து மீளும் உறக்கம்தான் மருந்து. அந்த உறக்கத்தைக் கூரை பறிக்கக் கூடாது. திட்ட மதிப்பீட்டில் வெள்ளைக் கூரைக்கு ஒரு வரி சேர்த்தால் போதும். மொத்தச் செலவில் அது மிகச் சிறு பங்கு.

நாம் செய்ய வேண்டியவையும் உண்டு. அடுத்த கோடைக்கு ஏசி வாங்கத் திட்டமிட்டிருப்போர், அதற்கு முன்பு மொட்டை மாடிக்கு ஒருமுறை சென்று தளத்தின் நிறத்தைப் பார்க்கட்டும். மாலையில் மேற்கு ஜன்னலின் எதிரே நின்று பார்க்கட்டும். வீட்டு உரிமையாளர்கள் வாடகைக்கு விடுமுன் சுவருக்கு வண்ணம் பூசுவதைப் போலவே கூரைக்கும் வெள்ளையடிப்பதை வழக்கமாக்கட்டும். அதற்குப் பிறகும் ஏசி தேவைப்பட்டால் வாங்கிக் கொள்ளலாம். அப்போது ஒன்றரை டன்னுக்குப் பதில் ஒரு டன்னே போதுமானதாக இருக்கக்கூடும்.